பத்து ரூபாய்க்குப் பதிலாக நான் செய்தது

1

எங்கள் சூப்பர் மார்க்கெட் வாசலில் ஒருவன் உட்கார்ந்திருப்பான். நான் இருப்பது யார்க்ஷயரில் ஒரு சின்ன ஊர். பெயர் சொன்னாலும் உங்களுக்குத் தெரிந்திருக்காது, எனக்கே முதல் வருஷம் சரியாக உச்சரிக்க வரவில்லை. அவனுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கால்களைப் போர்வையால் மூடிக்கொண்டு, ஒரு காபி கப்பை முன்னால் வைத்துக்கொண்டு, போகிறவர் வருகிறவர்களுக்கெல்லாம் குட் மார்னிங் சொல்வான். நான் "சாரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவேன். பல மாதங்களாக எங்களுக்குள் இதுதான் பேச்சு.

போன சனிக்கிழமை என் மகள் ரேச்சலும் கூட வந்தாள். பதினேழு வயது. தமிழ் புரியும், பேசச் சொன்னால் தோளைக் குலுக்குவாள். தாம்பரத்திலிருந்து பாட்டி போனில் கூப்பிட்டால் "நல்லா இருக்கேன், சாப்பிட்டேன்" என்ற இரண்டு வாக்கியங்களைச் சொல்லிவிட்டு என்னிடம் போனைத் தள்ளிவிடுவாள். அன்று வாசலில் அவள் கோட்டுப் பையைத் துழாவி, இருந்த சில்லறையை அவன் கப்பில் போட்டாள். அவன் பெயரைச் சொல்லி ஏதோ விசாரித்தாள். அவனுக்குப் பெயர் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

காரில் ஏறியதும் அவள் ஆங்கிலத்தில் கேட்டாள். "அவனைப் பார்க்கும்போதெல்லாம் எதற்கு மன்னிப்புக் கேட்கிறாய்? அவனை என்ன செய்தாய்?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் எப்போதும் தயாராக ஒரு பதில் உண்டு. நான் வேலை பார்ப்பதே இங்கே நகராட்சி அலுவலகத்தில், வீட்டுவசதிப் பிரிவில், போன் எடுக்கிற மேசையில். தெருவில் யாராவது படுத்திருப்பதைப் பார்த்தால் ஜனங்கள் எங்களைக் கூப்பிடுவார்கள். எந்தத் தெரு, ஆணா பெண்ணா, என்ன உடை என்று கேட்டுக் குறித்துக்கொள்வேன். அன்றைக்கே இரண்டு பேர் போய் அவரிடம் பேசிப் பார்ப்பார்கள். வர மறுத்தால் விட்டுவிட்டு வருவார்கள், மறுநாள் மறுபடி போவார்கள். கையில் காசு கொடுக்காதீர்கள், எங்களைக் கூப்பிடுங்கள் என்பதுதான் எங்கள் மேசையின் பாடம். அதைப் பத்துப் பன்னிரண்டு வருஷமாகக் கூப்பிடுகிறவர்களுக்கெல்லாம் ஒப்பித்துக்கொண்டிருக்கிறேன்.

ரேச்சலிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. இந்த ஜனவரியில் தாம்பரத்துக்கு வந்திருந்தபோது அதே பாடத்தை அங்கே நடத்தப் போனேன். அதனால் ஒரு பெண்ணுக்கு என்ன ஆயிற்று, என் அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்பதை இங்கே யாரிடமும் சொல்லவில்லை, என் கணவரிடம்கூட. ஊரில் இருக்கிற உங்களிடம் சொல்கிறேன். அங்கே நடந்தது உங்களுக்குத்தான் சட்டென்று விளங்கும்.

2

அப்பா போய் ஒரு வருஷம் ஆனதால் நினைவு ஆராதனைக்காக வந்திருந்தேன். அம்மா கிழக்குத் தாம்பரத்தில், கேம்ப் ரோடு சிக்னலிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் தனியாக இருக்கிறாள். ரிடையர் ஆகும்வரை சேலையூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் டீச்சர். இன்னும் அந்த வட்டாரத்தில் பாதிப் பேருக்கு அவள் டீச்சரம்மாதான்.

மெயின் ரோட்டில் மூடிக் கிடக்கும் ஒரு போட்டோ ஸ்டூடியோ இருக்கிறது. அதன் படியில்தான் கோவிந்தம்மா இருந்தாள். அறுபது வயது இருக்கும். இரண்டு கட்டைப் பைகள், ஒரு கோரைப்பாய், மூடி தொலைந்த ஒரு தண்ணீர்க் கேன். தலைமுடியை மட்டும் எண்ணெய் தடவிப் படிய வாரி, இறுக்கிக் கொண்டை போட்டிருப்பாள். அம்மா தினமும் காலையில் காய்கறி வாங்கப் போகும்போது அவள் கையில் பத்து ரூபாய் கொடுப்பாள். நின்று இரண்டு வார்த்தை பேசுவாள். நான் வந்த வாரம் அம்மாவுக்கு முட்டி வீங்கி, படி இறங்க முடியவில்லை.

"நீ போறப்ப கோவிந்தம்மாக்கு அந்தப் பத்து ரூபாயக் குடுத்துட்டுப் போ" என்றாள்.

"காசா குடுக்காதம்மா. சாப்பாடு வாங்கிக் குடுத்துடறேன்."

"சாப்பாடு அவ எப்படியோ பாத்துக்குவா. நீ காசு குடு."

நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியாததா? பக்கத்து மெஸ்ஸில் நான்கு இட்லி பார்சல் வாங்கிக்கொண்டு போய் நீட்டினேன். கோவிந்தம்மா பொட்டலத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"டீச்சரம்மா வர்லயா?"

"கால் வலி. நான் அவங்க பொண்ணு."

"அப்டியா? லண்டன்ல கீறதா சொல்லுமே, அந்தப் பொண்ணா? நான் துன்னுட்டேன்மா. டீக்கடைல குட்த்தாங்க. காசு இர்ந்தா குடு."

"காசு எதுக்கு?" என்று கேட்டேன். என் மேசையிலிருந்து கேட்கிற அதே குரலில் கேட்டேன், அது எனக்கே கேட்டது.

"செலவுக்கு" என்றாள்.

"என்ன செலவு?"

அவள் சிரித்தாள். "இன்னாம்மா இப்டி கேக்குற? செலவுன்னா செலவுதான்."

எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. மறுநாள் ஒரு டஜன் வாழைப்பழம் கொடுத்தேன். அதற்கு மறுநாள் ஒரு போர்வை. மரியாதைக்கு எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டாள். வாங்கிவிட்டு ஒவ்வொரு முறையும், "அந்தப் பத்து ரூபா?" என்று கேட்டாள். பர்ஸில் பத்து ரூபாய் நோட்டு இருந்தது. கொடுக்கக் கூடாது என்று ஒரு வீம்பு வந்துவிட்டது எனக்கு. ஊரிலிருந்து கிளம்பும்போதெல்லாம் அம்மா என் கையில் ஆயிரம் ரூபாயைச் சுருட்டி வைத்து "வச்சுக்கோ, செலவுக்கு" என்பாள். பவுண்டில் சம்பளம் வாங்குகிற நான் என்ன செலவு என்று ஒருநாளும் அவளிடம் கேட்டதில்லை.

3

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. நினைவு நாளில் ஆராதனை முடிந்ததும் ஏதாவது ஒரு ஆதரவற்றோர் ஹோமுக்குப் போய் அங்கிருப்பவர்களுக்கு மதியச் சாப்பாடு போடுவார்கள். குடும்பத்தார்தான் பரிமாற வேண்டும். மேடவாக்கம் தாண்டி ஒரு ஹோமின் நம்பரை அம்மா கொடுத்தாள். கூப்பிட்டேன். மேனேஜர் பிசிறில்லாமல் பேசினார்.

"சிக்கன் பிரியாணியா, வெஜ்ஜா மேடம்? அப்பா போட்டோ வாட்ஸ்அப்ல போட்டுடுங்க, நாங்களே பிரேம் பண்ணி மாலை போட்டு வச்சிடுவோம். ப்ரேயர்ல சொல்றதுக்கு உங்க குடும்பத்துல எல்லார் பேரும் வேணும்."

எல்லாம் பேசி முடித்த பிறகு, போகிற போக்கில் கேட்டேன். "ரோட்ல இருக்கறவங்களையும் நீங்க கூட்டிட்டுப் போறது உண்டா?"

"தாராளமா மேடம். போட்டோவும் லொகேஷனும் அனுப்புங்க. வண்டி வந்துடும்."

எனக்கு ஒரே சந்தோஷம். இங்கேயும் ஒரு நம்பர் இருக்கிறது, கூப்பிட்டால் வருகிறார்கள், இது தெரியாமல் நம் ஜனங்கள் பத்துப் பத்து ரூபாயாகக் கொடுத்து ஒருத்தியைத் தெருவிலேயே வைத்திருக்கிறார்களே என்று நினைத்தேன். மறுநாள் விடிந்ததும் நடக்கப் போகிற மாதிரி போய், கோவிந்தம்மா தூங்கும்போது ஒரு படம் எடுத்தேன். என் போனில் அந்த நம்பருக்குப் போன படங்களில் முதலாவது அப்பாவுடையது, அடுத்தது அவளுடையது.

அன்று மதியம் காய் வாங்கப் போனபோது படி காலியாக இருந்தது. டீக்கடைக்காரரிடம் கேட்டேன்.

"வண்டி வந்துச்சு மேடம். வர மாட்டேன், வர மாட்டேன்னு ஒரே கத்தல். ஷட்டரைப் புடிச்சிக்கினு வுடல. ரெண்டு பேர் தூக்கி ஏத்திட்டாங்க. இன்னா பண்றது, நல்லதுக்குத்தானேன்னு நாங்களும் சும்மா இருந்துட்டோம்."

இங்கே யார்க்ஷயரில் வர மறுத்தால் விட்டுவிட்டு வருவார்கள் என்று மேலே எழுதியிருக்கிறேன். எங்கள் பாடத்தில் முக்கியமான வரியே அதுதான். அதை நான் அந்த மேனேஜரிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பெருமையாகத்தான் சொன்னேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"அவளக் கேட்டியா?"

"கேட்டா வரேன்னா சொல்லுவா?"

"ஞாயித்துக்கிழமை அவ பொண்ணு வருவாளேடி."

கோவிந்தம்மாவுக்கு ஒரு மகள் உண்டு. மறைமலை நகரில் ஏதோ ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை. மருமகன் மாமியாரை வீட்டு வாசலில் நிற்க விடமாட்டானாம். அதனால் அந்தப் பெண் அவனுக்குத் தெரியாமல், முடிகிற ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பஸ் ஏறி வந்து, அந்தப் படியில் அம்மாவோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவாள். கோவிந்தம்மாவிடம் போன் கிடையாது. அந்தப் படிதான் அவர்களுக்கு விலாசம். மகள் வந்தால் ஒரு டீ, பன் வாங்கிக் கொடுக்கவும், கிளம்பும்போது பஸ்ஸுக்குக் கொடுக்கவும் கோவிந்தம்மா காசு சேர்த்து வைப்பாளாம். செலவு என்று அவள் சொன்னது இதைத்தான்.

"இதெல்லாம் எனக்கு ஏம்மா சொல்லல?" என்று நான் அம்மாவிடம் சண்டைக்குப் போனேன். தப்பு செய்தவளுக்கு முதலில் கோபம்தான் வருகிறது.

"பத்து ரூபா குடுன்னுதான சொன்னேன். அதுக்கு இவ்வளவு கதை சொல்லணும்னு எனக்குத் தெரியல" என்றாள் அம்மா.

4

வியாழக்கிழமை ஆராதனை முடிந்து, சபையிலிருந்து சில பேரோடு வேனில் அந்த ஹோமுக்குப் போனோம். கூடத்தில் அப்பாவின் படம் மாலையோடு இருந்தது. அதன் எதிரே எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்திருந்தார்கள். பெண்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி பூப்போட்ட நைட்டி. தலையை ஒட்ட வெட்டியிருந்தார்கள். பேன் இருக்கும், வேறு வழியில்லை என்று மேனேஜர் விளக்கினார். மூன்றாவது வரிசையில் இருந்த கோவிந்தம்மாவை எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை.

ஒருவர் சொல்லிக் கொடுக்க, எல்லோரும் சேர்ந்து ஜெபித்தார்கள். அப்பாவின் பெயரைச் சொன்னார்கள். பிறகு என் பெயரைச் சொல்லி, வெளிநாட்டிலிருந்து வந்து எங்களை நினைத்த இந்தச் சகோதரியை ஆசீர்வதியும் என்றார்கள். கோவிந்தம்மாவும் கைகூப்பி வாயசைத்துக்கொண்டிருந்தாள். தரை பிளந்தால் போய்விடலாம் என்றிருந்தது.

பரிமாறும்போது அவள் தட்டு என் முன்னால் வந்தது. அம்மா கால் வலியோடு தூரத்தில் நாற்காலியில் இருந்தாள். கோவிந்தம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"நீதான் சொல்லி வுட்டியா?"

"இல்லம்மா" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. கேள்வி முடிவதற்குள் வாயில் வந்துவிட்டது. அவள் உடனே நம்பினாள். நம்பியதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"எவனோ சொல்லிட்டான். நல்லா இருக்க மாட்டான். நீ பட்ச்ச பொண்ணு, நீ சொன்னா கேப்பாங்க. என்ன இட்டுக்கினு பூடும்மா. எம் பொண்ணு வந்து பாத்துட்டு, நான் செத்துட்டேன்னு நெனச்சிக்கும்."

சாப்பாடு முடிந்ததும் அவள் நேரே அம்மாவிடம் போனாள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "உன் பொண்ணு சொல்லலியாம் டீச்சரம்மா. நானே தப்பா நெனச்சிட்டேன்" என்றாள். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். வகுப்பில் திருடிய பிள்ளையை எல்லோர் முன்னாலும் காட்டிக்கொடுக்காமல் விடுகிற டீச்சரின் பார்வை அது. "மேல ஆபீஸ்ல போய்க் கேளு. இன்னைக்கே கூட்டிட்டுப் போயிடலாம். என்னால படி ஏற முடியாது" என்றாள்.

ஏறினேன். மேனேஜர் மரியாதையாக உட்கார வைத்தார்.

"ஒரு பிரச்சினையும் இல்ல மேடம். லோக்கல் அட்ரஸ் இருக்கறவங்க ஒருத்தர், இனி இவங்களுக்கு நான் பொறுப்புன்னு கையெழுத்து போட்டு ஆதார் காப்பி குடுக்கணும். அம்மாவே போடலாம். உங்களுக்கு ஃபாரின் பாஸ்போர்ட், அது செல்லாது."

கீழே அம்மா இருந்தாள். அவள் கைப்பையில் எப்போதும் ஆதார் அட்டை இருக்கும். தாளைக் கீழே கொண்டுபோனால் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டிருப்பாள். ஆனால் நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து வேறு கணக்குப் போட்டேன். கேம்ப் ரோட்டில் லாரி போகிற வேகத்துக்கு நாளைக்கு அந்தக் கிழவிக்கு ஏதாவது ஆனால், வந்து கதவைத் தட்டப் போவது என் அம்மாவின் வீட்டில். எழுபது தாண்டிய பெண், தனியாக இருக்கிறாள். நான் சனிக்கிழமை ராத்திரி விமானம் ஏறிவிடுவேன். இதெல்லாம் நிஜமான காரணங்கள்தான். ஆனாலும் உண்மையைச் சொன்னால், எனக்கு இந்த விவகாரம் அங்கேயே முடிந்துவிட வேண்டும் என்றிருந்தது, அவ்வளவுதான்.

யோசித்துச் சொல்கிறோம் என்றேன். அவர் கேட்காமலே ஹோமுக்கு ஒரு நல்ல தொகையை எழுதிக் கொடுத்தேன். பத்து ரூபாய் கொடுக்க ஒரு வாரம் யோசித்தவளுக்கு அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கீழே இறங்கி வந்து இருவரிடமும் சொன்னேன்.

"ரத்த சொந்தம் யாராவது வந்து கையெழுத்து போட்டாத்தான் விடுவாங்களாம்மா. மத்தவங்க போட முடியாதாம்."

கோவிந்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப எம் பொண்ணு வந்து போடும். ஞாயித்துக்கெழம வந்தா அதாண்ட சொல்லு டீச்சரம்மா. பேரு சாந்தி. கறுப்பா, ஒல்லியா இர்க்கும். படியாண்ட வந்து நிக்கும்."

"நான் போய் உக்காந்து பாத்து சொல்றேன். நீ அழாத" என்றாள் அம்மா.

5

சனிக்கிழமை கிளம்பிவிட்டேன். இங்கே வந்ததும் மறுபடி அதே மேசை, அதே ஹெட்போன். எந்தத் தெரு, ஆணா பெண்ணா, என்ன உடை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அம்மாவைக் கூப்பிடுவேன். ஆராதனை முடிந்ததும் ஆட்டோ பிடித்துக் கேம்ப் ரோட்டுக்குப் போய், அந்த மூடிய ஸ்டூடியோ படியில் சாயங்காலம் வரை உட்கார்ந்துவிட்டு வந்ததாகச் சொல்வாள். "இன்னைக்கும் வரலடி." வெயிலில் எதற்கம்மா என்றால், "சொல்லிட்டேனே அவகிட்ட" என்பாள். அந்த முட்டியோடு தாழ்வான படியில் உட்காரவும் எழவும் அவள் படுகிற பாடு எனக்குத் தெரியும். டீக்கடைக்காரர் தன் கடை நிழலில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டுக் கொடுத்தாராம். ஸ்டூலில் உட்கார்ந்தால் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் தெரியவில்லை என்று படிக்கே போய்விட்டாளாம். மகள் வரவில்லை. ஒருவேளை ஜனவரியிலேயே வந்து, காலிப் படியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருப்பாளோ என்று எனக்கு ஒரு பயம் உண்டு. அதையும் நான் அம்மாவிடம் சொல்லவில்லை. ஒவ்வொரு வாரமும், இன்று கையெழுத்து விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனை எடுப்பேன். மாத்திரை சாப்பிட்டியா, தண்ணி வந்ததா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன்.

ரேச்சல் என்னைக் கேள்வி கேட்டதற்கு மறுநாள், அதாவது நேற்று, அம்மா சிரித்துக்கொண்டே போனை எடுத்தாள்.

"இன்னைக்கு ஒரு கூத்து கேளு. படியில உக்காந்திருந்தேனா, வெயில்னு முந்தானைய தலைக்குப் போட்டிருந்தேன். ஒரு காலேஜ் பொண்ணு வந்து என் கையில பத்து ரூபாய வச்சிட்டுப் போயிட்டாடி. நான் வாய் தொறக்கறதுக்குள்ள பஸ் ஏறிட்டா. உங்கப்பா இருந்திருந்தா இத வச்சே ஒரு மாசம் என்னைக் கிண்டல் பண்ணியிருப்பார்."

என்னால் சிரிக்க முடியவில்லை. அம்மா அதைக் கவனிக்காமல் பேசிக்கொண்டே போனாள். "ஏன், எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்கல பாரேன். வச்சா, போயிட்டா. நல்ல பொண்ணு."

"அம்மா" என்றேன். "யாரும் வரவேண்டியதில்லம்மா. உன் கையெழுத்தே போதும்."

"என்ன சொல்ற?"

"கோவிந்தம்மாவக் கூட்டிட்டு வர. நீ ஆதார் காப்பி குடுத்துக் கையெழுத்து போட்டா விட்டுடுவாங்க. ரத்த சொந்தம் வேணும்னு நான்தான் பொய் சொன்னேன்."

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது.

"எப்பத்திலிருந்து தெரியும் உனக்கு?"

"அன்னைக்கே தெரியும்மா. அந்த ஆபீஸ்ல வச்சே சொன்னாங்க."

ஏன் அப்படிச் செய்தேன் என்று சொல்ல ஆரம்பித்தேன். லாரி, வயது, நான் தூரத்தில் இருப்பது. அம்மா குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"காலைல மேடவாக்கம் போறதுக்கு இப்பவே ஆட்டோக்காரன்கிட்ட சொல்லி வைக்கணும்" என்றாள். "அவளுக்கு மாத்துப் புடவை ஒண்ணு எடுத்து வைக்கணும். போனை வைக்கிறேன்."

நான் இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து அம்மா என்னோடு பேசி முடிக்கும்போதெல்லாம், எவ்வளவு அவசரமானாலும், என் பெயரைச் சொல்லி இரண்டு வரி ஜெபித்துவிட்டுத்தான் போனை வைப்பாள். நேற்று ஜெபிக்காமல் வைத்துவிட்டாள்.